வெளி நூலகங்களைக் குறைத்தேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் ஒருவருக்கு எடைக் கணக்கு மென்பொருளைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். புதிய கணினியில் நிறுவும்போது நின்றுவிட்டது. நான் கேட்காமலே வேறொரு நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு) இழுத்து வந்த சின்ன நூலகத்தின் புதிய பதிப்பு பொருந்தவில்லை. வெளியே லோரிகள் எடை போடக் காத்திருந்தன.

அப்புறம் ஒவ்வொரு நூலகமாக எடுத்து, அதன் வேலையைப் பைத்தானோடு வரும் தரநூலகமே செய்யுமா என்று பார்த்தேன். பெரும்பாலும் செய்தது. இணையத் தொடர்புக்கு யூஆர்எல்லிப், தரவுக்கு எஸ்க்யூலைட்3, அமைப்புக் கோப்புக்கு 3.11இல் வந்த டாம்லிப், நேர மண்டலத்துக்கு 3.9இல் வந்த ஸோன்இன்ஃபோ. விண்டோஸில் மட்டும் இதற்கு டிஸெட்டேட்டா என்ற நேர மண்டலத் தரவுத் தொகுப்பு தனியாக வேண்டும். பைத்தான் குழுவே பராமரிப்பதால் அதை வைத்துக்கொண்டேன்.

யூஆர்எல்லிப்பில் சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டும். எழுதலாம், தப்பில்லை. 2016இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கியதும் உலகெங்கும் எத்தனையோ திட்டங்கள் முடங்கின. கோ போலத் தரநூலகம் நிறைந்த மொழிகளை நான் மதிப்பது இதனால்தான்.

எக்செல் கோப்புக்கு ஓப்பன்பைஎக்செல் இன்னும் இருக்கிறது. அது இழுத்து வருவதையும் சேர்த்து, பதிப்பு எண்ணையும் ஹாஷையும் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் குறியீடு) பூட்டிவிட்டேன்.