தோட்டத்துப் பட்டண வீட்டில் புத்தகங்களுக்கு இடம் பார்ப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற, ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய பட்டணங்களில் பலர் குடியிருப்பது 700 சதுர அடிக்குச் சற்று முன்பின்னான மூன்று அறைத் தரை வீடுகளில்தான். அத்தகைய வீட்டில் ஆயிரக்கணக்கில் புத்தகம் வைத்திருப்பவர் முதலில் ‘இடம் இல்லை’ என்றுதான் குறைப்படுவார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குறையில் பாதி காணாமல் போய்விடும். ஒரு நூலின் தடிமனைச் சராசரியாக முக்கால் அங்குலம் என்று கொண்டால், 1,000 நூல்களை நிறுத்த ஏறத்தாழ 63 அடி நீளத் தட்டு வேண்டும். மூன்றடி அகலமும் ஏழு தட்டுகளும் கொண்ட அலமாரிகள் மூன்று இருந்தால் அந்தத் தேவை நிறைவேறிவிடும். அதற்குத் தேவைப்படுவது ஒன்பதடிச் சுவர் மட்டுமே. நம் ஊர் வீடுகளில் புத்தகத்தைக் கெடுப்பவை ஓதமும் கறையானும் ஆகையால், எந்த அறை காலியாக இருக்கிறது என்று தேடுவதை விட, எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது என்று தேடுவதே முதல் வேலை.

வரிசை வீடுகளில் பொதுவாகக் காய்ந்திருப்பது, நமக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவான நடுச்சுவர்தான். அதன் இரு பக்கமும் மழை படுவதில்லை. ஆயினும் அந்தப் பக்கம் அவர்களுடைய குளியலறை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும், நம் குளியலறைச் சுவரையும், சமையலறைப் புகை படியும் சுவரையும் தவிர்த்துவிட வேண்டும். ஐயம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரமான, ஊடே பார்க்கக்கூடிய நெகிழித் தாள் ஒன்றைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுவரோடு ஒட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் அடைத்து, இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளிகள் நின்றால் சுவருக்குள்ளேயே ஓதம் இருக்கிறது என்று பொருள்; தாளின் வெளிப்புறத்தில் நின்றால் அறைக்காற்றில்தான் ஈரம் மிகுதி. முன்னதற்கு அந்தச் சுவரைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை. பின்னதைக் காற்றோட்டத்தால் சமாளித்துவிடலாம்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்ந்திருந்தால், வீடு துடைக்கும் தண்ணீரும், கால்வாய் நிரம்பி வாசலைத் தாண்டி வரும் மழைநீரும் நூல்களைத் தொடா. மூன்றடித் தட்டு ஒன்றில் நிறைய அடுக்கினால் 20 முதல் 30 கிலோ வரை எடை ஏறும். மரத்தூளை ஒட்டிச் செய்த மலிவுப் பலகை அந்தப் பாரத்தில் நடுவே தொய்ந்துவிடும் என்பதால், அத்தகைய பலகையாயின் தட்டின் நீளம் இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது. பால் வற்றிய பின் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும் பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) பலகை உறுதியானது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி. போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்தாத பலகையை வண்டு துளைத்துவிடும். குண்டூசி முனை அளவுத் துளைகளும், அவற்றின் கீழே சலித்த மாவைப் போன்ற தூளும் தெரிந்தால் அந்தப் பலகையை வீட்டுக்குள் ஏற்றவே வேண்டாம். என் விருப்பம், மளிகைக் கடைகளில் சாமான் அடுக்கப் பயன்படும் துளையிட்ட இரும்புச் சட்ட அலமாரிதான். பார்வைக்கு அழகில்லை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். நம் நாட்டிலோ அது ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆகவே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மழை விட்ட கையோடு சன்னலைத் திறப்பது ஈரத்தை உள்ளே அழைப்பதாகும்; வெயில் ஏறிய முற்பகலிலும் நண்பகலிலும் திறந்து, மற்ற நேரத்தில் காற்றாடியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது போதும். நூல்களை இறுக்கி அடுக்காமல், ஒன்றை உருவினால் பக்கத்து நூல் உடன் வராத அளவுக்குத் தளர்வாக நிறுத்த வேண்டும். ஒரே தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை வைத்தால் பின்வரிசைக்குக் காற்று போகாது. பூசணம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி விருந்தினரைக் கவரும். ஈரத்தை உள்ளே பூட்டியும் வைக்கும். இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையும் உகந்ததன்று, ஏனெனில் அதை அணைத்ததும் வெளியிலிருந்து வரும் வெப்பக் காற்றின் ஈரம் குளிர்ந்திருக்கும் அட்டைகளில் படியும். பூசணம் கண்ட நூலை ஈரத்துணியால் துடைக்காமல், நிழலில் நன்றாக உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும்.

கறையானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடமைப்புப் பகுதிகளில் பல, பால்மரக்காட்டை அழித்த நிலத்தில் எழுந்தவை. மண்ணுக்குள் விடப்பட்ட அடிக்கட்டைகளும் வேர்களும் கறையானுக்கு ஆண்டுக்கணக்கில் தீனியாகின்றன. மாதம் ஒருமுறை கைவிளக்கை எடுத்து, அலமாரியின் பின்புறத்தையும், சுவரும் தரையும் சேரும் மூலைகளையும், கதவு நிலைகளையும் பார்க்க வேண்டும். பென்சில் பருமனில் மண்கோடு ஏறியிருந்தால், ஆத்திரத்தில் அதைத் துடைத்துவிட்டு மருந்தடிப்பது தவறு; கறையான் வேறு வழியாக ஏறிக்கொள்ளும். கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அண்டையிலுள்ள நூல்களை மட்டும் மெல்ல அகற்றி, கறையான் ஒழிப்பாளரை அழைத்தால், உயிருள்ள அந்தத் தடத்திலேயே இரைமருந்து வைத்துப் புற்றையே அழிக்க அவருக்கு வாய்ப்புண்டு. இரும்பு அலமாரியைக் கறையான் தின்னாது என்றாலும் அதன் மேல் ஏறும். ஆனால் கால்கள் திறந்திருப்பதால் ஏறும் தடம் கண்ணில் படும்.

பசையையும் அட்டையையும் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடும் வழக்கம் உண்டு. நாம் உறங்கும் அறையிலேயே நூல்களும் இருக்கும் சிறிய வீட்டில் அதன் ஆவியைக் குழந்தைகளும் சுவாசிக்க நேரும் என்பதால் அதை விட்டுவிடுவதே நலம். வசம்பு வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. பூச்சி கண்ட நூலையும், பழைய புத்தகக் கடையிலிருந்து வரும் நூலையும் நெகிழிப் பைக்குள் இட்டுக் காற்றுப் புகாமல் மூடி, பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் இயங்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காதிருக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்ற கேள்வி வரும்போது, நூலின் புகழைக் காட்டிலும், அது மீண்டும் கிடைக்குமா என்பதையே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களைப் பல பதிப்பகங்கள் மறுபடியும் மறுபடியும் அச்சிடுகின்றன. அவற்றில் தடித்த தொகுதிகளைக் கொடுத்துவிட்டாலும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர்க் கோயில் கும்பாபிஷேக மலர், மூடப்பட்ட தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டிதழ், எழுத்தாளர் தாமே செலவழித்துச் சில நூறு படிகள் அச்சிட்ட கதைத்தொகுப்பு, 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழின் நறுக்குகள் ஆகியவை அப்படியல்ல. மெலிந்து கிடப்பதால் முதலில் பழைய காகிதக்காரரிடம் போவதும் இவைதான். நடுச்சுவரின் மார்பளவுத் தட்டு இவற்றுக்கே உரியது. நறுக்குகளைக் கைப்பேசியில் படமெடுத்துவைத்து, அமிலமற்ற தாளுறையில் படுக்கவைத்துவிடலாம்.

கொடுப்பதென்று முடிவான நூல்களைத் தமிழ்ப்பள்ளி வாசலில் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு வருவது உதவியாகாது. தலைப்புகளை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டி, அவர் வேண்டும் என்று குறித்தவற்றை மட்டும், பூச்சி இல்லை என்று பார்த்த பிறகே கொண்டுபோக வேண்டும்.