புவி அறிவியல் ஒலிம்பியாட்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கோட்டை விடும் இடங்கள்

சில ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்குப் புவி அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாறைகள் எத்தனை வகை என்று கேட்டால் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளைகள், கையில் ஒரு கல்லைக் கொடுத்து "இது எந்த வகை, எதை வைத்துச் சொல்கிறாய்?" என்றதும் அமைதியாகிவிடுகிறார்கள். படிக்காததால் அல்ல, நிறையவே படித்திருக்கிறார்கள், ஆனால் படித்த விதம் இந்தப் போட்டிக்கு உதவாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போட்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். சர்வதேசப் புவி அறிவியல் ஒலிம்பியாட் 2007இல் தென்கொரியாவின் தேகு நகரில் தொடங்கியது, 2013இல் நம் மைசூரிலும் நடந்தது. ஒரு நாட்டின் அணியில் நான்கு மாணவர்கள். இந்தியாவில் ஜியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா தேர்வு வைத்து, பயிற்சி முகாம் நடத்தி அணியைத் தேர்ந்தெடுத்து வருகிறது. வயது, வகுப்பு, கடைசித் தேதி எல்லாவற்றையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் அண்ணன் எழுதினான், அதே விதிதான் என்று இருந்துவிடாதீர்கள்.

பெரும்பாலானோர் செய்யும் பெரிய தவறு, இதைப் பொது அறிவுப் போட்டி மாதிரி எடுத்துக்கொள்வது. உலகின் நீளமான நதி, உயரமான எரிமலை, எந்த நாட்டில் எந்தக் கனிமம் என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே கேட்பது வேறு. ஒரு படத்தையோ வரைபடத்தையோ பாறைத் துண்டையோ முன்னால் வைத்து, இங்கே என்ன நடந்தது, எது முதலில், எது பிறகு என்று கேட்பார்கள்.

விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள் "கல்மரம்" என்று ஒரு வார்த்தையோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். அடிமரங்கள் கிடக்கின்றன, வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. அப்படியானால் அவை அங்கேயே நின்று வளர்ந்த மரங்களா, அல்லது வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவையா? ஆற்று நீர் கொண்டுவந்து சேர்த்தவை என்றே நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். இந்த மாதிரி யோசிக்கப் பழகியவர்களுக்கு, இதுவரை பார்க்காத இடத்தைப் பற்றிய கேள்வி வந்தாலும் பயம் இருக்காது. (அங்கே ஒரு சில்லைக்கூட எடுத்துவராதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.)

அடுத்தது, நிறத்தை வைத்துக் கல்லுக்குப் பெயர் சொல்வது. வெள்ளையாக இருந்தால் குவார்ட்ஸ் என்ற கனிமம், கறுப்பாக இருந்தால் பசால்ட் என்ற எரிமலைப் பாறை என்று முடித்துவிடுவார்கள். குவார்ட்ஸும் வெள்ளை, கால்சைட் என்ற கனிமமும் வெள்ளை, சேலத்து மேக்னசைட் கனிமமும் வெள்ளை. குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கால்சைட்டைக் கத்தியாலேயே கீறிவிடலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கும், மேக்னசைட் அப்படிப் பொங்காது (அமிலம் என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்). ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு சில சமயம் சிவப்பாகவும் சில சமயம் எஃகு மாதிரி கருஞ்சாம்பலாகவும் இருக்கும், ஆனால் மெருகிடாத பீங்கானில் உரசினால் விழும் கோடு எப்போதும் செம்பழுப்பு. இன்னொரு இரும்புத் தாதுவான மேக்னடைட்டின் கோடு கறுப்பு. அதனால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். கடினத்தன்மை, கோட்டின் நிறம், உடையும் விதம், பளபளப்பு, துகளின் அளவு, இவற்றை முதலில் பாருங்கள்.

நம் ஊரில் எல்லாமே "கருங்கல்"தான். பரங்கிமலைப் பாறையையும் அப்படித்தான் சொல்கிறோம். அதற்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்று பார்த்து, அவர் பெயரையே பாறைக்கு வைத்து 1893இல் எழுதினார். உலகம் முழுக்க நிலவியல் நூல்களில் வரும் ஒரு பாறை சென்னை மின்சார ரயில் போகும் வழியில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமல், உடைந்த புதுமுகம் எப்படி, வெயில் மழை பட்டுப் பழுப்பேறிய முகம் எப்படி என்று ஒப்பிடாமல், வெளிநாட்டுப் பாறைப் படங்களையே புரட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவதாக, பாறையோடு நின்றுவிடுவது. இந்த ஒலிம்பியாடில் நிலம், நீர், காற்று, வானியல் எல்லாமே உண்டு, அதுவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி பக்கத்து அனார்த்தசைட் பாறையைப் பொடித்து, சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது. நிலாவின் மேட்டுநிலப் பகுதியும் அந்த வகைப் பாறையால் ஆனது என்பதுதான் காரணம். இப்போது சொல்லுங்கள், இது நிலவியலா, வானியலா?

வானிலையிலும் இதே கதைதான். "எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் வறட்சி" என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழையை எல் நினோ பொதுவாகக் கூட்டவே செய்கிறது. சென்னை மூழ்கிய 2015 வலுவான எல் நினோ ஆண்டு. ஒற்றை வரியாக மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தப்பான விடையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

கணக்கைக் கண்டு ஒதுங்குவதும் உண்டு, குறிப்பாகப் புவியியல் பிடித்து இந்தப் பக்கம் வருகிறவர்களிடம். பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஆழ்கடலில் சுனாமியின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் கடல் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஆழம் 3000 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 170 மீட்டர், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவை ஒட்டி நிலம் நடுங்கியது, 9 மணியளவில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்பது இந்த ஒரு சூத்திரத்தில் இருக்கிறது. நிலநடுக்க அளவும் அப்படித்தான். அளவு 5க்கும் 7க்கும் வித்தியாசம் இரண்டு என்று நினைக்காதீர்கள், அலையின் வீச்சில் 100 மடங்கு, வெளிப்படும் ஆற்றலில் சுமார் 1000 மடங்கு.

அப்புறம், மனதில் ஊறிப்போன சில பிழையான கருத்துகள். மேலோட்டுக்குக் கீழே எல்லாம் உருகிய குழம்பு என்று பலர் நம்புகிறார்கள். மேலோட்டுக்கு அடுத்துக் கீழே உள்ள கவசப் பகுதி பெரும்பாலும் திடம், மிக மெதுவாக நகரும் திடம். நிஜமாகத் திரவமாக இருப்பது அதற்கும் கீழே உள்ள வெளிக்கருவம், திரவத்தில் போக முடியாத எஸ் அலைகள் என்ற நிலநடுக்க அலைகள் அதைக் கடக்க முடியாமல் நிற்பதால்தான் அது நமக்குத் தெரிந்தது. பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை என்பது இன்னொன்று. பூமி மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வைக்குள் இருக்கும்போது. மிதக்கும் கடல் பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக ஏறும் என்பதும் தவறு, நிலத்தின் மேல் இருக்கும் பனிதான் அதை ஏற்றும். டைனோசர் எலும்புக்குக் கார்பன்-14 முறையில் வயது பார்க்க முடியாது, அந்தக் கார்பனின் அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) 5730 ஆண்டுகள், சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது.

பழைய வினாத்தாள்களை விடையோடு சேர்த்து வாசிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். விடையை மூடி வைத்து, நேரம் வைத்து எழுதுங்கள், தப்பானவற்றுக்கு "ஏன் தப்பு" என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கும் கேள்விகளும் வருவதுண்டு, முதல் சரியான விடையைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்கு ஓடுகிறவர்கள் அங்கே மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

தமிழ்வழியில் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நூல்களும் பழைய தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. அதற்காக ஆங்கில வரையறைகளைப் புரியாமல் உருப்போடாதீர்கள். விஷயத்தைத் தமிழில் யாருக்காவது விளக்கிச் சொல்லுங்கள், தங்கைக்கோ அம்மாவுக்கோ. புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒருபுறம் தமிழ்ச் சொல், மறுபுறம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

கடைசியாக, தனியாகவே படிப்பது. சர்வதேசப் போட்டியில் பல நாட்டு மாணவர்களைக் கலந்து குழுவாக்கிக் களத்துக்கு அனுப்பும் பகுதி ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து பார்த்து, வாதாடி, ஒரு முடிவுக்கு வந்து, அதை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். இது அறைக்குள் உட்கார்ந்து வருவதில்லை. இரண்டு மூன்று நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஆற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போங்கள், பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், கைவிடப்பட்ட குவாரிப் பக்கம் மட்டும் வேண்டாம். மண்ணின் அடுக்குகளை ஆளுக்கொரு நோட்டில் வரையுங்கள், அளவு காட்ட ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து வரையுங்கள், திசையையும் தேதியையும் குறியுங்கள். உருப்பெருக்கி லென்ஸைக் கல்லுக்கு மேலே தூரத்தில் பிடிக்காமல் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள், துகள்கள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வரைந்து முடித்ததும் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் பார்த்து மற்றவர் விட்டது என்ன என்று பேசுங்கள்.