12345678987654321: ஒரு பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் முறை

பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது, அதாவது பகா எண்களின் பெருக்கலாக உடைக்கும்போது, கணக்கை விடக் கருவிதான் முதலில் காலை வாரும். எக்செல் வேண்டவே வேண்டாம். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். இந்த 17 இலக்க எண்ணைத் தட்டியதும் 12345678987654300 ஆக்கிவிடும். பிரவுசர் கன்சோலிலும் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் இடம்) கடைசி 1 காணாமல் போய் 0 வரும். 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதைத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது. அதையே எடுங்கள்.

படி 1: முழு வர்க்கமா என்று பாருங்கள்

ஆமென்றால் பாதி வேலை மிச்சம். ஆனால் பலரும் சறுக்குவது இங்கேதான். பைத்தானின் மேத் தொகுதியில் வர்க்கமூலம் காணும் எஸ்.கியூ.ஆர்.டி. (sqrt) சார்பு 111111111.0 என்று சரியாகவே தரும். எண்ணில் ஒன்றைக் கழித்து 12345678987654320-ஐக் கொடுத்தாலும் அதே 111111111.0 வரும்! 20-இல் முடியும் எண் வர்க்கமாகவே இருக்க முடியாது. தசம விடையில் அவ்வளவு நுணுக்கம் தங்காததால் வரும் வினை இது. முழு எண்ணாகவே வர்க்கமூலம் தரும் ஐ.எஸ்.கியூ.ஆர்.டி. (isqrt) சார்பைப் பயன்படுத்துங்கள் (பைத்தான் 3.8 முதல் உண்டு). கிடைத்த வர்க்கமூலத்தை அதனாலேயே பெருக்கி, அதே எண் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 2: வர்க்கமூலத்தை மட்டும் உடையுங்கள்

111111111 = 111 × 1001001. இதில் 111 = 3 × 37; 1001001 = 3 × 333667.

333667 பகா எண்தானா? 577 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 578-இன் வர்க்கமே 334084, அதாவது எண்ணைத் தாண்டிவிட்டது. பாதி வரை வகுத்துக்கொண்டே போவது வீண் வேலை. எதுவும் மீதியின்றி வகுக்காது, ஆகவே பகா எண்தான்.

ஓர் எச்சரிக்கை: நாம் தொடங்கிய 12345678987654321-இன் இலக்கக் கூட்டுத்தொகை 81. அதை வைத்து "81-ஆல் வகுபடும்" என்று சொல்லக்கூடாது. அந்த விதி 3-க்கும் 9-க்கும் மட்டுமே. இங்கே 81-ஆல் வகுபடுவது உண்மைதான், ஆனால் காரணம் வேறு: வர்க்கமூலம் 9-ஆல் வகுபடுகிறது.

படி 3: அடுக்குகளை இரட்டியுங்கள்

வர்க்கமூலம் 3² × 37 × 333667; நம் எண் அதன் வர்க்கம் என்பதால் 3⁴ × 37² × 333667². வகுத்திகளின் எண்ணிக்கை, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 5 × 3 × 3 = 45. வர்க்க எண்ணுக்கு இது ஒற்றைப்படையாகத்தான் வரும். இரட்டைப்படை வந்தால் எங்கோ அடுக்கை இரட்டிக்க மறந்திருக்கிறீர்கள்.

வகுத்திகளின் கூட்டுத்தொகை: 121 × 1407 × 111334000557 = 18954279592827579. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 6608600605173258. இது எண்ணை விடச் சிறியது என்பதால் நம்முடையது குறை எண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவான எண்).

பின்சேர்க்கை: பைத்தானில் வகுக்க / (தசம விடை தரும்) போடாமல் // (முழு எண் விடை தரும்) போடுங்கள். 12345678987654321-ஐ 3-ஆல் வகுக்கும்போது / தப்பித்துவிடும், அதனால் பிழை கண்ணில் படாது. பத்து ஒன்றுகளின் வர்க்கமான 1234567900987654321-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள். // தருவது 112233445544332211. / போட்டு முழு எண்ணாக மாற்றினால் கடைசி மூன்று இலக்கம் 208 ஆகிவிடும்.