குறும்பட இரவு: புரொஜெக்டர் பக்கத்திலிருந்து

குறும்படத் திரையிடல் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில்தான். ஒரு படம் முடிந்ததும் திரையில் லேப்டாப்பின் டெஸ்க்டாப் தெரியும், மௌஸ் அம்பு அடுத்த படத்தைத் தேடி அலையும், இருட்டில் செல்போன்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். முடிந்த படம் அதற்குள் எல்லார் மனசிலிருந்தும் போய்விடும். இந்த மாதிரிக் கூட்டங்களில் நான் புரொஜெக்டர் பக்கத்தில் நிற்கிற ஆள். அங்கிருந்து என்ன தெரியுமோ அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரம். ஆஸ்கர் விதிப்படி டைட்டில்கள் உட்பட 40 நிமிடம் வரை ஓடுவது குறும்படம். ஆனால் அவ்வளவு நீளப் படம் ஒன்றைச் சேர்த்தால் மற்ற படங்களின் இடத்தை அதுவே விழுங்கிவிடும். படங்கள் மட்டும் 75 நிமிடம், அதில் ஆறு அல்லது ஏழு படம் என்பது என் கணக்கு. "குறும்படத்துக்கெல்லாம் யார் வருவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கி நடத்திய காட்சியே பத்துக் குட்டிப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அன்று காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

வரிசை போடும்போது சாவு, பிரிவு, சாவு என்று அடுத்தடுத்து வைக்காதீர்கள். கனமான படத்துக்குப் பின்னால் லேசான ஒன்று வரட்டும். நீளமான படம் மூன்றாவதாக வருவது நல்லது, அப்போது கூட்டம் உட்கார்ந்து பழகியிருக்கும், களைத்திருக்காது.

இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிற படத்தையும் அனுமதி இல்லாமல் பொதுவில் போடக்கூடாது. இயக்குநரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உரிமை அவரிடம் இருக்கிறதா, தயாரிப்பாளரிடமா என்று கேளுங்கள். படத்தில் வரும் பாட்டுக்குப் பொதுத் திரையிடல் வரைக்கும் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். இன்னொன்று, சில திரைப்பட விழாக்கள் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் காட்சியால் அவருக்கு அந்த வாய்ப்பு போய்விடக் கூடாது. நுழைவுக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அனுமதி கிடைத்ததும் லிங்க் வேண்டாம், ஃபைலாகவே அனுப்பச் சொல்லுங்கள். 1080பி (முழு எச்டி) அளவில், எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 ஃபைல் போதும், எந்த லேப்டாப்பிலும் ஓடும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சப்டைட்டிலைப் படத்தோடு பதித்தே தரச் சொல்லுங்கள். தனியாக வரும் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இல்லையென்றால் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

சரி, ஒலிக்கு வருவோம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் பொறுக்கமாட்டார்கள். ஒலியின் மொத்தச் சத்தத்தை லஃப்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இணையத்துக்கென்று செய்த படம் மைனஸ் 14 லஃப்ஸ் சத்தத்தில் இருக்கும், தொலைக்காட்சி அளவில் செய்தது மைனஸ் 23-இல் இருக்கும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 9 டெசிபல் வித்தியாசம். ஒன்றில் காதைப் பொத்துவார்கள், அடுத்ததில் "சத்தம் வை" என்று கத்துவார்கள். காட்சி நேரத்தில் வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்காமல், எடிட்டிங் மென்பொருளிலோ எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளிலோ முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இயக்குநரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், படம் அவருடையது.

ஸ்பீக்கர்கள் திரைக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். புளூடூத் வேண்டவே வேண்டாம். ஒலி பின்தங்கும், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாகிவிடும். கேபிள்தான். சோதனையின்போது மெதுவாகப் பேசுகிற ஒரு காட்சியை ஓடவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அங்கே சரியாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், ஏனென்றால் ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் உடையுமே சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

"எல்லாப் படத்தையும் ஒட்டி ஒரே ஃபைலாக்கிவிடலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு படம் நொடிக்கு 24 ஃபிரேம், இன்னொன்று 25, செல்போனில் எடுத்தது 30. ஒரே டைம்லைனில் திணித்தால் கேமரா நகரும் இடங்களில் படம் திக்கும். நான் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் பிளேலிஸ்ட் போட்டுவிடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே பத்து நொடிக் கறுப்புத் திரை, சத்தமில்லாத ஒரு சின்ன வீடியோ. கை தட்டவும் மூச்சு விடவும் அந்த நேரம் போதும். லேப்டாப் திரையை டூப்ளிகேட்டில் வைக்காமல் எக்ஸ்டெண்டில் வைத்தால் நீங்கள் பக்கத்தில் என்ன தேடினாலும் கூட்டத்துக்குத் தெரியாது. நோட்டிஃபிகேஷன், ஸ்லீப், தானாக வரும் அப்டேட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

புரொஜெக்டர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போனால் லூமன்ஸ் எண்ணைத்தான், அதாவது வெளிச்ச அளவைத்தான், முதலில் காட்டுவார்கள். 3000 லூமன்ஸ் இருந்தும் ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்தால் இரவுக் காட்சி எல்லாம் சாம்பல்தான், அதனால் அறையை இருட்டாக்குவதில் முதலில் மெனக்கெடுங்கள். தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. த்ரோ விகிதம் (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் என்ற எண்) 1.5 என்றால் 2 மீட்டர் அகலத் திரைக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கருவியைத் திரைக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டு, படத்தின் வடிவத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியில் நிமிர்த்தினால் படத்தின் கூர்மை குறையும். தரை சமதளமாக இருந்தால் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டராவது மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் சப்டைட்டில் முழுக்க முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். நடைபாதையில் போகும் கேபிளை டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியேறும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

எந்த மெஷினில் காட்டப்போகிறீர்களோ அதே மெஷினில் ஒவ்வொரு படத்தையும் முதல் நொடியிலிருந்து கடைசி டைட்டில் வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபைல் பாதியில் அறுந்திருப்பது நடுவில்தான் தெரியும்.

இயக்குநர்களோடு கேள்வி பதிலை எல்லாப் படங்களும் முடிந்தபின் வைப்பது என் விருப்பம். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு இயக்குநரை மேடையேற்றினால் அடுத்த படத்துக்கு யாரும் காத்திருக்கமாட்டார்கள். முதல் கேள்வியை நடத்துகிறவரே தயாராக வைத்திருக்க வேண்டும். "படம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் பதில். "அந்தக் கதவை ஏன் கடைசிவரை திறக்கவே இல்லை?" என்று ஒரு காட்சியைப் பிடித்துக் கேட்டால் கைகள் தானாக உயரும். கேள்வி கேட்பவர் கைக்கு மைக் போகட்டும்.

அப்புறம், மறுநாள் வேலை ஒன்று இருக்கிறது. ஃபைல்களை லேப்டாப்பிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததை இயக்குநர்களுக்கு எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்து அனுப்புங்கள். வர முடியாத இயக்குநருக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.