பள்ளிச் சந்திப்புக்காகச் சித்தூர் வட்டம் செல்வோருக்கு

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்து ஊர்களில் தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் வாழ்பவர்கள், பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்காக ஊர் செல்லும்போது தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். சென்ற மே மாதம் நான் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுப்பில் சென்று வந்தேன். கோயம்புத்தூரில் இறங்கி வேலந்தாவளம் வழியாக ஊர் போய்ச் சேர எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறந்து மார்ச் இறுதியில் மூடப்படுவதால், சந்திப்புகள் பெரும்பாலும் கோடை விடுமுறையிலோ ஓண விடுமுறையிலோ நடக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும் தேதியை நம்பி விமானச் சீட்டு வாங்க வேண்டாம். மண்டபமோ பந்தலோ பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்களா என்று பொறுப்பாளரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகு வாங்குங்கள்.

கோடை விடுமுறையில் செல்பவர்கள், அதே பயணத்தில் பள்ளிச் சான்றிதழ் வேலையையும் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நான் அப்படித்தான் எண்ணினேன். என் தந்தை இறந்தபின் அவருடைய நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்றும்போது, பத்திரத்தில் உள்ளவரும் என் ஆவணங்களில் தந்தையாகக் குறிக்கப்பட்டவரும் ஒருவரே என்று கிராம அலுவலகத்தில் சான்று பெற வேண்டியிருந்தது. பழனிச்சாமி என்னும் பெயரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள்: நிலப் பத்திரத்தில் பழனிச்சாமி என்று இருப்பவர், பள்ளிப் பதிவேட்டில் மலையாள வழக்கப்படி பழனிஸ்வாமி ஆகிறார், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது ழகரமும் போய்விடுகிறது. எல்லைப்புறத்துப் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. இதைத் தீர்க்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் உதவும்.

திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்றேன். அலுவலக அறை பூட்டியிருந்தது. புதன்கிழமை எழுத்தர் வந்து, பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைக் காட்டினார். என் பெயருக்கு நேரே, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய வரிகளுக்கு இடையில், என் தந்தை தமிழில் இட்ட கையொப்பம் இருந்தது. ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற மேசை அதுவாகத்தான் இருக்க வேண்டும். நகல் தர மேலலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். வியாழக்கிழமை மேலலுவலகத்துக்குச் சென்றேன். தமிழில் எழுதிய என் விண்ணப்பத்தை அங்கே வாங்க மறுத்து, மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வரும்படி சொன்னார்கள். நான் வாதாடவில்லை. வெளியே ஒரு தட்டச்சுக் கடையில் மலையாளத்தில் எழுதி வாங்கி, என்னால் படிக்க முடியாத காகிதத்தின் அடியில் கையொப்பமிட்டேன்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் தெரிந்துகொண்டு செல்லுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும். இந்த விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

வெள்ளிக்கிழமை சென்றபோது கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள்தான் சந்திப்பு. அது இரண்டாம் சனி அல்ல என்பதால் அலுவலகம் திறந்திருந்தது. ஞாயிறு இரவு எனக்கு விமானம். பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று சென்று, இரண்டரை மணி வரை விசுப்பலகையில் காத்திருந்தேன். கையில் கிடைத்த கடிதம், பதிவேட்டின் நகலை வழங்கத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் உண்டு, இந்த அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை என்று இரண்டு வரியில் சொன்னது. நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தமிழாசிரியர் காலையிலேயே வந்திருக்கிறார். பழைய வருகைப் பதிவேட்டின் வரிசையில் 1989ஆம் ஆண்டு வகுப்பின் பெயர்களை அழைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றிருக்கிறார்கள். அன்று இரவு தொலைபேசியில் அவர், "பேரைக் கூப்பிட்டேன் கண்ணு, நீ இல்லையே" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் இல்லாமல் நடந்த எத்தனையோ காரியங்களில் இது ஒன்றுதான், நான் ஊரிலேயே இருந்தும் தவறவிட்டது.

நகல் வாங்கும் இந்த வேலைக்கு நான் நேரில் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி பெற்ற அதிகாரக் கடிதத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். ஜூனில் பள்ளி திறந்ததும் அவர் சென்று நகலை வாங்கிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலேயே பெயர்த் திருத்தம் வேண்டுவோர் திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வு அலுவலகமான பரீட்சா பவனை அணுக வேண்டும். அது ஒரு விடுப்புக்குள் அடங்கும் வேலை அல்ல. பதிவேட்டு விவரத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கே உண்டு. ஆகவே என்னைப் போல் குடியுரிமை மாறியவர்கள் உடன்பிறந்தவர் பெயரில் விண்ணப்பிப்பதே சரி.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பறைக் கூரைக்கு நிதி கேட்டார்கள். உள்ளூரில் இருந்து உழைப்பவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தேன், பிறகு அதைத் திருப்பி வாங்க நேர்ந்தது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையே. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாத சங்கம் அதை வாங்கக் கூடாது. ரூபாய் நோட்டாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். கொடுத்துவிட்டு வகுப்புத் தோழர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

எங்கள் வகுப்பின் அடுத்த சந்திப்பு ஓண விடுமுறையில் நடக்கிறது. ஐயாவுக்கு 84 வயது. பள்ளிப் படிகளை ஏற முடியவில்லை என்பதால், அவர் வீட்டு முற்றத்திலேயே கூடுவதென்று முடிவாகியிருக்கிறது. வருபவர்கள் காலை பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள். பெயர் அழைப்புதான் முதல் நிகழ்ச்சி.