ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் மழைத் தண்ணீர்: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்த முறை

ஐப்பசி அடைமழையில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி திரும்பிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையில் முழங்கால் தண்ணீர். முன்னால் போன பஸ் கடந்துவிட்டதைப் பார்த்து நானும் வண்டியை இறக்கினேன். எஞ்சின் நிற்காமல் அக்கரை சேர்ந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் மழை விடாததால் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் டி-யில் போட்டால் வண்டி ஒரு விநாடி சும்மா நின்றது, அப்புறம் டக்கென்று இடித்துக்கொண்டு கிளம்பியது. தெருமுனை தாண்டுவதற்குள் எஞ்சின் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் கியரே மாறவில்லை.

தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விவரம் சொன்னேன். பார்க்காமலேயே "பாக்ஸை இறக்கணும், லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். இறக்கவில்லை. பத்து நாள் மாலை நேரங்களில் வீட்டிலேயே சரிசெய்துவிட்டேன். அதன் பிறகு 14,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. டெல்டாவில் வருஷா வருஷம் இதே கதை நடக்கிறது என்பதால் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் வண்டியில் இருப்பது எது?

கிளட்ச் பெடல் இல்லாத வண்டியெல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் வகையை வீட்டில் தொட வேண்டாம். சிவிடி-யில் பெல்ட்டும் புல்லியும். அதற்கென்று தனி ஆயில் உண்டு. சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பாக்ஸே போய்விடும். என் வண்டி டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள நான்கு கியர் பாக்ஸ், ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அந்த வகைக்கு.

ஸ்கேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட், அதாவது ஸ்கேனர் மாட்டும் இடம், இருக்கும். விலை மலிவான புளூடூத் அடாப்டர் போதும். ஆனால் செயலியைப் பார்த்து வாங்குங்கள். இலவசச் செயலிகள் பலவும் எஞ்சினின் கோடுகளை (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழை எண்களை) மட்டும்தான் படிக்கும். எனக்கு முதலில் வந்தது பி 0700. அதற்கு "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்று மட்டுமே பொருள். அதை வைத்துக்கொண்டு எதையும் மாற்றாதீர்கள். கியர் பாக்ஸையும் படிக்கும் செயலியைப் போட்டதும் பி 0750 வந்தது, ஏ சொலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடிக் கியர் மாற்றும் மின்காந்த வால்வு). பி 0715 என்றால் உள்ளே வரும் வேக சென்சார், பி 0720 என்றால் வெளியேறும் வேக சென்சார், பி 0740 என்றால் கன்வர்ட்டர் கிளட்ச். பி 0730, கியர் விகிதம் தவறு, வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். உள்ளே ஏதோ வழுக்குகிறது.

கோடு படிக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் பொய்க் கோடுகள் கொட்டும்.

ஒரே கியரில் மாட்டிக்கொண்டதும் உடைசல் அல்ல. மின்சாரத்தில் குழப்பம் வந்தால் கம்ப்யூட்டர் எல்லா சொலினாய்டுகளையும் விட்டுவிட்டு ஒரு நடுக் கியரில் வைத்துக்கொள்ளும், வீடு வந்து சேரட்டும் என்று. அது பாதுகாப்பு ஏற்பாடு.

கனெக்டர்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பாக்ஸின் மேல் வயர்கள் வந்து சேரும் பெரிய கனெக்டரைப் பிடுங்கினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. ஒரு பின்னின் அடியில் பாசி மாதிரிப் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டேன். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் இங்கே கூடவே கூடாது. ரப்பர் சீல் ஊதிப்போகும்.

அப்படியே மல்டிமீட்டரை ஓமில் வைத்துச் சொலினாய்டுகளை அளந்தேன். எந்தப் பின் எது என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் தேவை. ஆன்-ஆஃப் வகைச் சொலினாய்டு பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது ஓமுக்குள் காட்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு நாலைந்து ஓம்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆக, சொலினாய்டு நல்லது, வழியில்தான் தண்ணீர். புதுச் சொலினாய்டு வாங்கும் செலவு அங்கேயே மிச்சம்.

ஆயில்

டிப்ஸ்டிக்கை உருவினால் நல்ல ஏடிஎஃப் தெளிந்த சிவப்பாக இருக்கும். பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுப்பும் தீய்ந்த வாடையும் என்றால் கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன. எனக்கு வந்தது ரோஸ் மில்க் நிறம். அதே குழைவு. தண்ணீர் கலந்துவிட்டது.

கியர் பாக்ஸின் தலையில் மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. ஓடிச் சூடாக இருக்கும் பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீருக்குள் போகாமலேயே ஆயில் ரோஸ் மில்க்காக இருந்தால் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது கசிந்தால் கூலண்ட் உள்ளே வரும். ரேடியேட்டரை மாற்றாமல் எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் வீண்.

தண்ணீர் கலந்தது தெரிந்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகிதம் போன்ற பொருள், பசையில் ஒட்டியிருப்பது. தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும்.

வடித்து ஊற்றுவது

நான் வண்டியை நிறுத்தியது எங்கள் நெல் களத்தில், சிமென்ட் தரை. வீட்டுப் பின்புறம் களிமண், அதில் ஜாக்கி புதையும். சிமென்டிலும் ஜாக்கி ஸ்டாண்ட் கட்டாயம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

ஆயில் ஊற்றும் வாய் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். டிப்ஸ்டிக் குழாய் வழியே ஊற்றும் வண்டி என்றால் கவலையில்லை. ஊற்ற ஒரு போல்ட் இருக்கும் வண்டியில், கீழே எல்லாம் வடித்தபின் அந்த மேல் போல்ட் கழலாமல் போனால் வண்டி அங்கேயே கிடக்கும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். சூட்டோடு வடித்தால் கை வெந்துவிடும். வடிந்ததை அளவுக் கோடு போட்ட கேனில் பிடியுங்கள். எனக்கு மூன்று லிட்டர் வந்தது. பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு ஆறு. மீதிப் பாதி டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கிறது, அது இப்படி வடியாது. எனவே ஒரு முறை மாற்றினால் அழுக்கில் அரை மிச்சம். இரண்டாம் முறை கால், மூன்றாம் முறை அரைக்கால், நான்காம் முறை வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. நான் நான்கு முறை செய்தேன், 12 லிட்டர் செலவு. தண்ணீர் இறங்கியிருந்தால் நான்குக்குக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் நாலு விநாடி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வடித்தேன். நான்காவதில் சிவப்பு வந்தது.

டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பு. செதில் செதிலாக உலோகம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது இறக்க வேண்டிய பாக்ஸ்தான்.

ஆயிலைப் பொறுத்தவரை கையேட்டில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அது மட்டும். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று விற்பதை நான் வாங்குவதில்லை. துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் உள்ளே போய் வால்வில் சிக்கும். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டுதான் எனக்குப் பிடித்தது, பிசிறே வராது. வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. போல்ட்டுக்கு டார்க் ரென்ச் போடுங்கள். அலுமினிய மரை, ஆத்திரத்தில் முறுக்கினால் போச்சு.

அளவு பார்ப்பது: நான் மாட்டிக்கொண்ட இடம்

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால் முதல் ஐந்து கிலோமீட்டர் வெண்ணெய். அப்புறம் மறுபடி வழுக்கல். எஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். நுரை, சின்னச் சின்னக் குமிழி. அளவோ சரியாகக் காட்டுகிறது. அடுத்த மூன்று நாள் என்னவென்றே புரியவில்லை. பாக்ஸ் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்திருந்த கொத்தனார் அண்ணன்தான் கண்டுபிடித்தார். நான் களத்தில் குனிந்து குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி பாக்குற?" என்றார்.

"ஆயில் மட்டம் பாக்குறேன்ணே. சம தரையில நிறுத்திப் பாக்கணும்."

"சம தரைன்னா இங்க ஏன் நிறுத்துன? களம்னா வாட்டம் வச்சுல்ல போடுவோம், மழைத் தண்ணி ஓடணும்ல."

ட்யூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) எடுத்து வந்து ஒரு முனையை முன் சக்கரத்தடியிலும் மறுமுனையை என்னிடம் கொடுத்துப் பின் சக்கரத்தடியிலும் பிடிக்கச் சொன்னார். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியவே தெரியாத சரிவு. வண்டியின் முகப்பு மேட்டுப் பக்கம் இருந்தது. என் வண்டியில் டிப்ஸ்டிக் பாக்ஸின் முன்பக்கம். ஆயில் பின்னால் ஒதுங்கிவிடுவதால் குச்சியில் குறைவாகவே காட்டியிருக்கிறது. நான் அதைப் பார்த்து ஊற்றிக்கொண்டே போயிருக்கிறேன். குச்சியில் இரண்டு கோட்டுக்கும் இடையே அரை அங்குலம்கூட இல்லை. சில மில்லிமீட்டர் ஏமாற்றினாலே போதும்.

அதிகமானால் என்ன ஆகும்? சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப் அழுத்த முடியாது, அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி இதேபோல் வழுக்கும். குறையும் மிகையும் ஒரே மாதிரி நோயைக் காட்டுவதால்தான் குழம்பினேன். அரை லிட்டர் எடுத்ததும் வண்டி சரியாகிவிட்டது.

ஆகவே தரையை ட்யூப் லெவலால் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பாக்ஸைச் சூடாக்குங்கள். எல்லா நிலைகளிலும் போட்டு எடுத்துப் பி-க்கு வாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். சூட்டுக்கான கோட்டில் நிற்க வேண்டும். சில ஹோண்டா வண்டிகளில் மட்டும் எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், கையேட்டைப் படித்துவிடுங்கள்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்வது யாரோ ஒருவரின் நாற்றங்காலில். பழைய ஆயில் வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேனோடு கொடுத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

வேதாரண்யத்திலிருந்து ஒருவர் தன் வண்டியில் டிப்ஸ்டிக்கே இல்லை என்று எழுதியிருந்தார். அந்த வகையில் அடியில் ஒரு செக் போல்ட் இருக்கும். ஆயில் கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் இருக்கும்போது, எஞ்சின் ஓட, அதைக் கழற்றினால் மெல்லிய நூலாக வழிந்து நிற்க வேண்டும். வெப்பநிலையை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். இங்கே வண்டி நான்கு பக்கமும் சம உயரத்தில் தூக்கப்பட்டிருக்க வேண்டும், முன்பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்தால் என் களத்துக் கதைதான்.

இன்னொருவர் மழையில்லாத மாசி மாதத்தில் வழுக்குகிறது என்றார். ரேடியேட்டரின் முன்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அறுவடை நேரம் முழுக்கச் சாலையில் காயும் நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் ஓட்டியதில் பதரும் தூசியும் அப்பிக் காற்றே போகாமல் அடைத்திருந்தது. கியர் ஆயில் சூடேறி இளகிவிட்டது. தண்ணீரை மெதுவாக உள்பக்கமிருந்து வெளியே அடித்துக் கழுவியதும் சரியாயிற்று.

கனெக்டரைப் பிடுங்கிப் பேட்டரியைக் கழற்றியபின் சில வண்டிகள் கொஞ்ச தூரத்துக்கு முரட்டுத்தனமாகக் கியர் மாறும். கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்கிறது, பயப்பட வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது நம் ஊர் வழக்கம். ஆட்டோமேட்டிக்கில் முன் சக்கரம் தரையில் உருள இழுத்தால், எஞ்சின் ஓடாததால் பம்ப்பும் ஓடாது, ஆயில் சுற்றாமல் உள்பாகங்கள் வறண்டு தேயும். தண்ணீரிலிருந்து கரைக்கு இழுக்கும் நாலு அடிக்குச் சரி, அதுவும் என்-ல் வைத்து மெதுவாக. அதற்கு மேல் முழு வண்டியையும் ஏற்றிக்கொண்டு போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.