டிஸ்கஸ் மீன்களுக்கு வீட்டில் காட்சித் தொட்டி அமைத்தல்

டிஸ்கஸ் தொட்டிக்கான முதல் செலவு, தண்ணீரைப் பரிசோதிக்கும் கருவிக்காக இருக்கட்டும். குழாயில் வரும் தண்ணீரின் பி.எச். அளவு (அது அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) என்ன, கடினத்தன்மை எவ்வளவு, குளோரின் கலந்து வருகிறதா, நைட்ரேட் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பவை தெரிந்த பிறகே தொட்டியின் அளவைப் பற்றியும் மீன்களின் எண்ணிக்கையைப் பற்றியும் யோசிப்பதில் பொருள் உண்டு. இந்த மீனை வளர்ப்பது பெருமளவுக்குத் தண்ணீர் மாற்றும் வேலைதான். வாரத்துக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணீரைத் தடையின்றித் தர முடியும் என்பதே எத்தனை மீன்களை வைக்கலாம் என்பதை முடிவு செய்கிறது.

டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரிய மீன். 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். இதன் பேரினப் பெயர் சிம்ஃபைசோடான். ஓட்டம் குறைந்த கரையோரங்களில், நீருக்குள் சாய்ந்து மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளின் இடுக்குகளில் இவை கூட்டமாக வாழ்கின்றன. அந்த இடுக்குகளில் புகுந்து வெளிவரத்தான் தட்டுப் போன்ற அந்த மெல்லிய உடல். அங்குள்ள நீர் வெதுவெதுப்பானது, உப்புகள் மிகக் குறைந்தது, பல இடங்களில் இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறம் கொண்டது. ஆனால் இன்று விற்பனைக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகத் தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவை. அவை 6 முதல் 7.5 வரையிலான பி.எச். அளவுக்குள் எதிலும் நன்றாக வாழும். அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைத்தான் அவற்றால் தாங்க முடிவதில்லை. ஆகவே பி.எச். அளவைக் குறைக்கும் திரவங்களைத் துளித்துளியாக ஊற்றிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், இருக்கும் தண்ணீரை மாறாமல் வைத்துக்கொள்வது நூறு மடங்கு மேலானது. தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தாலோ, ஆற்றில் பிடித்த மீன்களை வாங்குவதாக இருந்தாலோ மட்டும், உப்புகளை வடித்து நீக்கிய ஆர்.ஓ. நீரை எப்போதும் ஒரே விகிதத்தில் கலந்து பயன்படுத்தலாம்.

வளர்ந்த டிஸ்கஸ் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். துடுப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வைத்தால், வலிய மீன் மெலிந்த மீனை ஓயாமல் விரட்டும். விரட்டப்படும் மீன் மூலையில் ஒதுங்கி, தீனி எடுக்காமல் கறுத்துப்போகும். ஆறு மீன்களுக்குக் குறையாமல் இருந்தால் அந்த விரட்டல் பலர் மீதும் பரவி எவருக்கும் கேடாவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி நல்ல தொடக்கம். கணக்குப்படி அது 432 லிட்டர். மணலும் கட்டையும் மேலே விடும் இடைவெளியும் போக 370 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். எட்டு மீன்கள் நிம்மதியாக வாழ அது போதும்.

இத்தனை தண்ணீரும் 12 மில்லிமீட்டர் கண்ணாடியும் தாங்கு மேசையும் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும். தரை அதைத் தாங்குமா என்பதை உறுதிசெய்துகொண்டு, மேசை நான்கு புறமும் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பின்பே தொட்டியை ஏற்ற வேண்டும். நேர் வெயில் படும் சன்னல், ஓயாமல் ஆள் நடமாடும் வழி, படபடவென்று அடித்துச் சாத்தும் கதவு ஆகியவற்றின் அருகே வேண்டாம். திடீரென நிழல் ஆடினாலே கண்ணாடியில் மோதிக்கொள்ளும் அளவுக்கு அச்சம் மிகுந்த மீன் இது. மனிதர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அறையில், உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால், சில வாரங்களில் அவை மனித முகத்துக்குப் பழகி, பார்ப்பவரைத் தேடி முன்பக்கம் வரத் தொடங்கும்.

வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மற்ற வெப்பமண்டல மீன்களுக்குப் போதுமான 25 டிகிரியில் டிஸ்கஸ் மந்தமாகி நோய்க்கு எளிதில் ஆளாகும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் தேவைப்படும். அதை ஒன்றாக வாங்காமல் 200 வாட் அளவில் இரண்டாக வாங்குவதே அறிவுடைமை. ஒன்று வேலை செய்யாமல் நின்றால் மற்றது தண்ணீர் அதிகம் குளிராமல் காக்கும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும், தனியாக முழுத் தொட்டியையும் மீனைக் கொல்லும் சூட்டுக்கு இழுக்கும் வலு அதற்கு இராது. ஹீட்டரின் மேல் எழுதியுள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றைத் தொட்டியின் மறுகோடியில் வைக்க வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், நீர்ப்பரப்பு எப்போதும் சற்று அலைந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

வடிகட்டியைப் பொறுத்தவரை, காட்சித் தொட்டிக்கு, தொட்டிக்கு வெளியே மூடிய கலனாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரே பொருத்தம். குழாய்களைத் தவிர எதுவும் கண்ணில் படாது. அதோடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் கட்டைக்குப் பின்னால் மறைத்து ஓட்டினால், மோட்டார் நின்றுபோகும் நாளில் அது கைகொடுக்கும். பிற்பாடு நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றும்போது ஏற்கெனவே பக்குவப்பட்ட ஃபில்டராகவும் பயன்படும். வெளியேறும் நீரைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். பலத்த நீரோட்டத்தில் இந்த மீன் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோகும்.

இனி வருவது பலரும் பொறுமை இழக்கும் கட்டம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. வேறொரு வகை அந்த நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் நஞ்சு. அதிலும் வெப்பமும் பி.எச். அளவும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சு கடுமையாகும் என்பதால், சூடான தண்ணீரில் வாழும் டிஸ்கஸுக்கு ஆபத்து இரட்டிப்பு. இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியாவைச் சேர்த்துச் சேர்த்துத் தொட்டியை ஓட்ட வேண்டும். ஒரு நாள் சேர்த்த அம்மோனியா மறுநாள் இதே நேரத்துக்குள் முழுவதும் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி தயார். டிஸ்கஸ்களை ஒரே நேரத்தில் விட வேண்டியிருப்பதால், அரைகுறையாகப் பக்குவப்பட்ட தொட்டி இந்தச் சுமையைத் தாங்காது. வேறொரு நோயற்ற தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

இந்த வாரங்களை அலங்காரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் நைஸான மணல் போதும். டிஸ்கஸ் வாயால் நீரை ஊதி மணலுக்குள் இருக்கும் தீனியைத் தேடும். அந்தக் காட்சிக்காகவே மணல் வைக்கலாம். கனமாகப் பரப்பினால் அடியில் அழுக்குத் தங்கிவிடும். நன்றாக ஊறவைத்த கட்டைகளை மேலிருந்து கீழாகச் சாய்த்து வைத்தால், இந்த மீன் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரையின் சாயல் கிடைக்கும். கூரிய முனைகளையும் கரடுமுரடான பாறைகளையும் தவிர்த்துவிட வேண்டும். செடிகளில் இந்த வெப்பத்தைத் தாங்குபவை அமேசான் ஸ்வோர்டும் அனுபியாஸும். அனுபியாஸை மணலில் புதைக்காமல் கட்டையில் கட்டிவிட வேண்டும். விளக்கு மங்கலாக இருப்பதே மீனுக்கு இதம்.

பின்புறத் திரைக்குக் கறுப்பு நிறம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிஜன் பிளட் என்ற வளர்ப்பு வகையின் வழிவந்த சிவப்பு, மஞ்சள், வெள்ளை வகை மீன்களின் உடலில், சுற்றுப்புறம் இருண்டிருந்தால் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் கூடிக்கொண்டே வரும். அவ்வகைகளை வைப்பவர்கள் வெளிர் நீலத் திரையையும் வெளிர் நிற மணலையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆற்று மீன்களின் தோற்றம் கொண்ட பழுப்பு, நீல வகைகளுக்கு இருண்ட பின்னணி நன்றாகவே பொருந்தும்.

மீன் தேர்வில் அவசரம் கூடாது. காட்சித் தொட்டிக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் வளர்ந்த மீன்களையே வாங்குமாறு பரிந்துரைக்கிறேன். குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து முறை தீனியும், ஏறக்குறைய தினந்தோறும் தண்ணீர் மாற்றமும் தேவை; மணலும் கட்டையும் உள்ள தொட்டியில் அந்தச் சுத்தத்தைக் காப்பது கடினம். அவற்றை வெறுந்தொட்டியில் வளர்த்த பிறகே இங்கே மாற்ற வேண்டும். உடல் வட்டமாக இருக்கிறதா, கண் உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய உடலில் பெரிய கண் இருந்தால் அந்த மீன் வளர்ச்சி குன்றியது; பின்னால் எவ்வளவு கவனித்தாலும் தேறாது. நெற்றி ஒட்டிப்போனதும், ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைப்பதும், வெள்ளை நூல் போல மலம் கழிப்பதும் நோயின் அடையாளங்கள். விற்பவரிடம் தீனி போடச் சொல்லிப் பார்ப்பது நம் உரிமை. ஓடிவந்து உண்ணும் மீனையே வாங்க வேண்டும். எட்டு மீன்களையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாங்குவதே பாதுகாப்பு. பின்னாளில் புதிதாக எந்த மீனைச் சேர்த்தாலும் குறைந்தது நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே சேர்க்க வேண்டும்.

கொண்டுவந்த பையை விளக்கணைத்த தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். நெடுநேரம் பயணித்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பை மூடியிருக்கும்வரை அதன் பி.எச். அளவு தாழ்ந்திருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறி நஞ்சு கிளம்பும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுநீர் விட்டுக்கொண்டிராமல் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். முதல் நாள் தீனி வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் மூலையில் நின்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

துணை மீன்களில் கார்டினல் டெட்ராவும் ஸ்டெர்பாய் கோரிடோரஸும் இந்த வெப்பத்துக்கு ஏற்றவை. உறிஞ்சு வாய் கொண்ட பெரிய பிளெகோ மீன்கள் இரவில் டிஸ்கஸின் உடலில் ஒட்டிக்கொண்டு தோலின் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். அவற்றைச் சேர்க்கவே கூடாது. ஏஞ்சல் மீன்கள் வேகமாக உண்டு டிஸ்கஸைப் பட்டினி போடும் என்பதால் அவற்றையும் தவிர்க்கிறேன். வளர்ந்த மீன்களுக்குத் தரமான குருணைத் தீனியையும் உறைய வைத்த ரத்தப் புழுக்களையும் மாற்றி மாற்றி, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஐந்து நிமிடத்தில் தீரும் அளவுக்குத் தந்தால் போதும்.

வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரை முந்தைய நாளே பீப்பாயில் பிடித்து, குளோரின் நீக்கியைக் கலந்து, காற்றுக் குழாயும் ஹீட்டரும் இட்டு வைத்தால், மறுநாள் வெப்பமும் பி.எச். அளவும் தொட்டியோடு ஒத்துப்போகும். தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்து வந்தால், அதைப் பிரிக்கும்போது வெளிப்படும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் மாற்றும் அளவைக் கூட்டுங்கள். மீன் கறுத்து நின்றால் மருந்தைத் தேடும் முன் அம்மோனியா, நைட்ரைட், வெப்பநிலை மூன்றையும் சோதித்து, உடனே பாதித் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான வேளைகளில் அன்று மாலைக்குள் நிறம் திரும்பிவிடும்.

ஓராண்டு கடந்த பிறகு ஏதோ ஒரு நாள், இரண்டு மீன்கள் செங்குத்தான கட்டை ஒன்றை வாயால் துப்புரவாக்கி அதில் முட்டையிடக்கூடும். குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழையையே உண்டு வளர்கின்றன. ஆனால் மற்ற மீன்கள் சூழ்ந்த காட்சித் தொட்டியில் அவை பிழைப்பது அரிது. அவற்றைக் காப்பாற்ற விரும்பினால், அந்த இணையை மட்டும் 150 லிட்டர் அளவுள்ள, அடியில் எதுவும் பரப்பாத தனித்தொட்டிக்கு, முட்டையிடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.